எடை மாறவில்லை

"தூக்கறதுக்கு ஒரு ஆளு இருந்தாப் போதுமுங்க, மிச்சத்தை மாத்திரை பாத்துக்கும்" என்று பின் வரிசையில் ஒரு பெண் யாரிடமோ சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சிரிக்க வேண்டியிருக்கும், சிரித்தால் பேச வேண்டியிருக்கும், யாருக்கு, எத்தனை வருஷமாக, எந்த ஊர் என்று கேட்பார்கள், நான் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். கிட்னி டாக்டரின் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் நான்கு நான்காகச் சேர்த்துப் பூட்டியிருக்கின்றன. ஒருவர் காலை ஆட்டினால் நான்கு பேரும் ஆட வேண்டும். எங்கள் வரிசையில் அப்பா, நடுவில் அம்மா, இந்த ஓரத்தில் நான். டோக்கன் ஐம்பத்து நான்கு. கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்று வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாயிற்று, பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வரும், அதை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கண் எரிகிறது. நேற்று சாயப்பட்டறையில் இரண்டாம் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து படுத்ததும் விடிந்துவிட்ட மாதிரி இருந்தது. தூக்குவதற்கு ஒரு ஆள். எட்டு மாதமாக நான் ஆகப் பார்க்கிற ஆள் அதுதான் என்று இந்தப் பெண்ணிடம் சொன்னால் என் மணிக்கட்டைப் பார்த்துச் சிரிப்பாள். நாற்பத்து நான்கு கிலோ. காலேஜில் மூன்று வருஷமும் என்னைக் கொசுவர்த்தி என்றுதான் கூப்பிட்டார்கள். இன்று காலை கிளம்பும் அவசரத்தில் அந்த டப்பாவை ஏன் திறந்தேன். திறக்காமல் இருந்திருந்தால் இந்த நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பேன். அம்மா தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பேன்.

எவர்சில்வர் டப்பா. கல்யாணத்துக்கு அம்மாவுக்கு யாரோ வைத்துக்கொடுத்த ஐந்து டப்பா செட்டில் நான்காவது. மூன்றாவதில் அப்பாவின் கஞ்சி மாவு இருக்கிறது, நொய்யை வறுத்து அரைத்தது, பருப்பு ஒன்றும் சேர்க்காதது. நான்காவது காலியாக இருந்ததால் அதில் என் பங்கு புரோட்டீன் பவுடரைக் கொட்டி வைத்தேன். பங்கு என்பது ஜிம்மில் சொல்லித்தருகிற கிறிஸ்டி அக்காவின் ஏற்பாடு. ஜிம்மில் பெண்கள் நேரத்தில் வரும் நாங்கள் யாருமே முழு டப்பா வாங்குகிறவர்கள் இல்லை. அதனால் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குவோம், துளசிமணி, ஷர்மிளா பானு, நான். கிறிஸ்டி அக்கா மளிகைக் கடைத் தராசைக் கடன் வாங்கி வந்து பிளாஸ்டிக் கவரில் மூன்றாகப் பிரித்துக் கட்டித் தருவாள். வாசனை சேர்க்காத பவுடர்தான் வாங்குவாள், அதுதான் வயிற்றைக் கெடுக்காது என்பாள். பெயரும் படமும் எச்சரிக்கையும் எல்லாம் பெரிய டப்பாவோடு ஜிம்மிலேயே நின்றுவிடும், எங்கள் வீடுகளுக்கு வருவது கவரில் வெறும் வெள்ளைப் பொடி. ஒரு டப்பாவுக்கு ஒரு ஸ்கூப்தான் உள்ளே இருக்கும். அதற்குச் சீட்டுப் போடுவோம். கிடைக்காத இரண்டு பேர் குழம்புக் கரண்டியில் குத்துமதிப்பாக அளந்துகொள்ள வேண்டும். இந்த முறை ஸ்கூப் எனக்கு விழுந்தது, கறுப்பு நிறம், குட்டைக் கைப்பிடி. துளசிமணி, "போடி, உனக்கு மட்டும் எப்பவும் விழுகுது, நீ ஏதோ மந்திரம் வெச்சிருக்கே" என்று என் முதுகில் அடித்தாள். அந்த ஸ்கூப்பைத்தான் பத்து நாளாகக் காணோம். ஜிம்மில் விட்டிருப்பேன் என்று தேடவில்லை. சோம்பல். கரண்டியில் அள்ளிக்கொண்டிருந்தேன். என் பங்கில் இருபத்திரண்டு ஸ்கூப் வரும். நான் எடுத்தது ஒன்பது. லேபில் தினமும் கிராம் கணக்கில் சாயம் நிறுக்கிறவள் நான், ஒன்பது என்றால் ஒன்பதுதான். பதிமூன்று இருக்க வேண்டிய டப்பாவில் இன்று காலை அடி தெரிந்தது. ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது இரண்டு தேறினால் அதிகம். மூடினேன். மறுபடி திறந்தேன். அடுத்த டப்பாவைத் திறந்து கஞ்சி மாவைப் பார்த்தேன். குழல் விளக்கின் கீழே இரண்டும் ஒரே வெள்ளை. ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் பவுடர் லேசாக மஞ்சளுக்குச் சாய்கிறது, மாவு பழுப்புக்கு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும், துணியில் இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அம்மாவின் சமையல் மேடைக்கு ஜன்னல் வெளிச்சம் வராது. "வாணி, ஆட்டோ வந்துருச்சு பாரு" என்று அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

முப்பத்து மூன்று. அம்மா மஞ்சள் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, அப்பாவுக்கு மூடியில் அளந்து ஊற்றுகிறாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான், அதில் கஞ்சி, காபி எல்லாம் அடக்கம். அம்மா இந்தச் சட்டங்களை எல்லாம் கோயிலுக்கு விரதம் இருப்பது போலக் காப்பாற்றுகிறாள். பருப்பு இல்லை, கொண்டைக்கடலை இல்லை, கறி இல்லை, காய்களை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பது. போன தீபாவளிக்கு அப்பா ஒரு துண்டுக் கறி கேட்டார், அம்மா கொடுக்காமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மாவின் கையால். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு நின்று, பின்வாங்கி, வேறு எங்காவது போய்ச் சுற்றிவிட்டு மறுபடி இங்கேயே வருகிறது. ஜிம்முக்குப் போகிறது. பெருந்துறை ரோட்டில் டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பெண்கள் நேரம். பத்து மணிக்குக் கிறிஸ்டி அக்கா படிக்கட்டுக் கதவில் பச்சைத் துணியை இறக்கிவிட்டு, உள்ளே மாட்டியிருக்கும் கட்டுமஸ்தான ஆண்களின் படங்களைப் பார்த்து, "நீங்க எல்லாம் கண்ணை மூடிக்கங்கடா" என்பாள். பழைய சுடிதார், வீட்டுக்காரரின் டீசர்ட், ஒருத்தி நைட்டிக்கு உள்ளே பேன்ட். முதல் நாள் நான் கதவோரமாகவே நின்றேன். "கேஸ் சிலிண்டரை ஹாலிலிருந்து சமையல் ரூமுக்கு யாரு நகத்தறா, உங்கப்பனா? நீதான? அப்பறம் இந்தக் கம்பியைப் பாத்து என்ன பயம்" என்றாள். வெறும் கம்பியே இருபது கிலோ. அதை முழங்கால் வரை தூக்கியபோது கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. மூன்றாம் மாதம் கைப்பிடி வைத்த ஒரு மெஷினில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கச் சொன்னாள், சீட்டு வந்தது. நாற்பத்து நாலு புள்ளி இரண்டு. சேர்ந்த அன்றும் அதே நாற்பத்து நாலு புள்ளி இரண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டை, பவுடர், வேர்வை எல்லாம் போட்டும் ஒரு கிராம் ஏறவில்லை. அவள் சீட்டை விரலால் தட்டி, "கழுதை, மேல இருக்கற நம்பரையே பாக்காத, கீழ பாரு. கொழுப்பு ரெண்டு கிலோ போயிருக்கு, சதை ரெண்டு கிலோ வந்திருக்கு. எடை மாறலை, ஆளு மாறிட்டே" என்றாள்.

அப்பாவுக்கும் எடை மாறவில்லை. அதை நினைக்கக் கூடாது என்று இருந்தேன், வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டரை, ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு மாதமும் நர்ஸ் எழுதுவதைப் பார்த்து அம்மா, "குறையலைங்க, அப்படியேதான் இருக்கறாரு" என்று சந்தோஷப்படுவாள். போன மாதம் டாக்டர் அப்பாவின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "இது தண்ணி. சதை போன இடத்துல தண்ணி நிக்குது. அதனாலதான் தராசுல தெரியலை" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தராசில் ஒன்றும் தெரியாமல் உள்ளே மாறிக்கொண்டிருக்கிறது, எனக்கு ஒரு பக்கம், அப்பாவுக்கு எதிர்ப்பக்கம். மஞ்சள் மண்டியில் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கினவர். எழுபது கிலோ மூட்டை. இரண்டு பேர் தூக்கிவிட, முதுகில் வாங்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறுவார். சின்ன வயதில் மண்டிக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது ஒரு நாள் பார்த்தேன். எனக்கு அன்று பெருமை எல்லாம் ஒன்றும் இல்லை, பலகை உடைந்துவிடுமோ என்று பயம். இப்போது அவர் முழங்கைக்கு மேலே தோல் தொளதொளவென்று, வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்ட மாதிரி தொங்குகிறது. வலது கையைத் தொடை மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து அந்தக் கையை எடுக்கவில்லை. வலிக்கிறதோ. கேட்கலாம். கேட்டால் இல்லை என்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பாத்ரூமில் விழுந்தார். சத்தம் கேட்டு அம்மாவும் நானும் ஓடினோம். ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், இடுப்பில் துண்டுகூட சரியாக இல்லை. அம்மா கால் பக்கம், நான் அக்குளில் கைகொடுத்து. தூக்க முடியவில்லை. மூன்று தடவை முயற்சி செய்தோம், மூன்றாவது தடவை என் கை வழுக்கி அவர் தலை சுவரில் லேசாக இடித்தது. "உடு கண்ணு, உடு" என்றார். அம்மா வெளியே போய்க் கத்தினாள். கேபிள்காரரும் மாடியில் குடியிருக்கும் பையன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வரும்போதே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அண்ணா, ஒண்ணுமில்லீங்ணா, அண்ணா" என்று சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் தூக்கிவிட்டார்கள். நல்லவர்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. தூக்கும்போது அப்பா கண்ணை இறுக்கமாக மூடிக்கொண்டார். கட்டிலில் போட்ட பிறகும், அவர்கள் போன பிறகும், சாயங்காலம் வரைக்கும் திறக்கவில்லை. அப்புறம் பத்து நாள் வாசலுக்கே போகவில்லை. நான் அடுத்த வாரம் ஜிம்மில் சேர்ந்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. உடம்பு ஏற்ற வேண்டும் என்றேன், கிறிஸ்டி அக்கா நம்பினாள். வீட்டில் ஷிப்டுக்கு முன்னால் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால், கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் கையை முறுக்கிக்கொண்டு நிற்கிறாளே என்று அதற்கு வேறு ஒரு வெசனம். கம்பியில் ஒவ்வொரு தட்டாக ஏற்றினேன். முப்பது. நாற்பது. ஒரு மாதம் நாற்பத்தைந்திலேயே நின்றது. போன வாரம் ஐம்பத்தைந்து. அப்பா ஐம்பத்தெட்டு. இன்னும் மூன்று கிலோ. ஆனால் கம்பி ஒத்துழைக்கும், மனுஷன் ஈரமாக இருப்பார், வழுக்குவார், வெட்கப்படுவார். இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த மூன்று கிலோவை விட முடியவில்லை.

அப்பாவுக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை, அவர் கண்டுபிடித்தார். மாத்திரை கொடுக்கும்போது என் உள்ளங்கையைப் பிடித்து, விரல் அடியில் தடித்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "என்ன அம்மிணி, காப்புக் காச்சிருக்குது?" லேபில் பக்கெட் தூக்குவது என்றேன். "பக்கெட்டுக்கு இந்த எடத்துல வராது. இது கம்பி." அம்மா பக்கத்து அறையில் இருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தனை கிலோ?" என்றார். அப்போது ஐம்பது. சொன்னேன். "முக்கா மூட்டைக்குப் பக்கமா வந்துட்டயா" என்று சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான். பிறகு சில நாள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விளையாட்டு மாதிரி, அம்மா இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்பார். "டீவில ஏதோ பவுடர் காட்டறானுங்களே, அதெல்லாம் குடிக்கோணுமா?" "ஆமாங்கப்பா, கொஞ்சம்." "குடிச்சா நெசமா சதை வருதா?" "மெதுவா வருமுங்க." "வயசானவங்களுக்கு?" "தெரியலீங்கப்பா, வரும்னுதான் சொல்றாங்க." எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஹேர்பின்னை வாயில் வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். உங்களுக்கு ஆகாது என்று சொன்னேனா? சொன்ன மாதிரி இருக்கிறது. சொல்லியிருக்க மாட்டேன். சொல்ல வேண்டிய அவசியம் என்ன, அவர் எனக்காகத்தானே கேட்டார். அவருக்கு அந்த டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இப்போதெல்லாம் அவர் கொஞ்சம் மாறியிருக்கிறார். கஞ்சி குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துகிறார். விடியற்காலையில் எழுந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறார், உட்கார்ந்து எழுகிறார். "உங்கப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்குது, சாமி கண்ணைத் தொறந்துருச்சு" என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருவேளை தேறிவிடுவார், நான் யாரையும் தூக்க வேண்டியிருக்காது என்று.

நாற்பது. எதிர் வரிசையில் ஒரு பெரியவர் அப்பாவிடம் பேச்சுக் கொடுக்கிறார். கோபிச்செட்டிபாளையத்துக்காரராம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சட்டைக் கையைச் சுருட்டி இடது முன்கையைக் காட்டுகிறார், மணிக்கட்டுக்கு மேலே தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒரு நரம்பு புடைத்து நெளிந்து போகிறது. "கை வெச்சுப் பாருங்க, பயப்படாதீங்க, மோட்டார் ஓடறது தெரியும். கரண்ட் பில்லு கெடையாது." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா இடது கையை நீட்டித் தொட்டார், சட்டென்று இழுத்துக்கொண்டார். "உள்ளுக்குள்ள எதுவோ ஓடுதுங்க" என்றார். "ஆமா, ரத்தம். ரெண்டு கொழாயையும் சேத்துத் தெச்சு உட்டுட்டாங்க, அதுலதான் ஊசி. இந்தக் கையை மட்டும் கண்ணு மாதிரி வெச்சுக்கோணும். கனம் தூக்கக் கூடாது. ஒரு கொடம் தண்ணிகூட." "தூக்கவே கூடாதுங்களா?" "எதுக்குத் தூக்கோணும்? நமக்குத்தான் இப்ப ஊட்ல ராஜமரியாதை ஆச்சே." மறுபடி சிரிப்பு. அப்பாவும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தார். போன மாதம் டாக்டர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: கிரியாட்டினின் இப்போது மூன்று புள்ளி இரண்டு, அடுத்த தடவை இப்படியே இருந்தால் மாத்திரையில் ஓட்டலாம், நாலைத் தாண்டினால் டயாலிசிஸுக்குக் கையில் வழி போட்டுவிடலாம், தள்ளிப்போடக் கூடாது. அம்மா வெளியே வந்து, நாலைத் தாண்டாது, நான் தாண்ட விடமாட்டேன் என்றாள், அது ஏதோ அவள் பூட்டி வைக்கிற பொருள் மாதிரி.

ரிப்போர்ட்டை நான்தான் போய் வாங்கினேன். லேப் ஜன்னலிலிருந்து நாற்காலி வரை முப்பது அடி இருக்கும், அதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன். கிரியாட்டினின் நாலு புள்ளி ஒன்று. யூரியா போன தடவை தொண்ணூற்றிரண்டு, இப்போது நூற்று நாற்பத்தெட்டு. யூரியா எதிலிருந்து வருகிறது என்று பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் ஆறு மார்க் கேள்வி. புரதம் உடைந்து, உடைந்து, கடைசியில் வெளியே போக வேண்டிய கழிவு. நான் முழு மார்க் வாங்கினேன். "என்ன கண்ணு போட்டிருக்குது?" என்றாள் அம்மா. "டாக்டர் சொல்வாரும்மா." "கூடியிருக்கா கொறஞ்சிருக்கா, அதைச் சொல்லு." "எனக்குப் புரியலைம்மா." படித்த பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பையின் காதுகளை ஒன்றுசேர்த்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். அப்பா என்னையும் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டையும் பார்க்கவில்லை, சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு. எல்லாம் பொருந்துகிறது. பத்துப் பதினைந்து நாளுக்கு முன்னால் அம்மா டம்ளரைக் கழுவும்போது, "அடியில கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டிருக்குது, இந்த ரேசன் அரிசியே இப்படித்தான்" என்று முணுமுணுத்தாள். வறுத்த நொய் மாவு இப்படிக் கட்டி தட்டாது. இது சூட்டில் திரிகிற பொருள். கண்டிப்பாக அம்மாதான். மூன்றாவது டப்பாவுக்குப் பதிலாக நான்காவது. அவசரத்தில், இருட்டில், வாரத்தில் மூன்று நாளோ நான்கு நாளோ, அவள் கையால் கலக்கி, ஆற்றி, குடிச்சிருங்க என்று நின்று பார்த்து.

சொன்னால் என்ன ஆகும். டாக்டருக்குத் தெரிந்தால், இது நோய் ஏறினது இல்லை, தின்றதால் ஏறினது என்று நிறுத்திப் பார்ப்பார், ஒரு மாதமாவது பார்ப்பார், கையில் ஆபரேஷனுக்கு உடனே எழுதமாட்டார். சொல்லாவிட்டால் இன்றைக்கே எழுதிவிடுவார். இது தெளிவு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் சொல்கிற வாக்கியத்தை எப்படித் தொடங்கினாலும் அது அம்மாவில் போய் முடிகிறது. நான் ஒளித்து வைத்தேன், அம்மா எடுத்துப் போட்டாள். முதல் பாதி என்னுடையது, இரண்டாவது பாதி அவளுடையது, அவள் காதில் இரண்டாவது பாதி மட்டும்தான் விழும். அதற்குப் பிறகு அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அப்பாவுக்குத் தைரியமாகக் கொடுக்கமாட்டாள். டப்பா டப்பாவாக முகர்ந்து பார்த்துக்கொண்டு, நக்கிப் பார்த்துக்கொண்டு, அடுப்படியில் நின்று அழுதுகொண்டு. டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். எப்படித் தனியாக. மூன்று பேரும் ஒன்றாக உள்ளே போவோம், உள்ளே மூன்று நிமிஷம். சீட்டில் எழுதிக் கொடுக்கலாமா. ஸ்கூலில் டீச்சரிடம் வாந்தி வருகிறது என்று சொல்லத் தெரியாமல் நோட்டில் எழுதிக் காட்டினவள்தானே. பேனா இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது, பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் "சார்" என்று எழுதினேன், அதற்கு மேல் போகவில்லை. முதுகு வலிக்கிறது. ஐம்பத்தைந்து கிலோவை இடுப்பு வரை ஏற்றி நிற்கத் தெரிகிறது, ஒரு வாயைத் திறக்கத் தெரியவில்லை. பின் வரிசைப் பெண் இப்போது வேறு யாரிடமோ மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஐம்பத்திரண்டு. அப்பா மெதுவாகத் திரும்பி அம்மாவின் தலைக்கு மேலே என்னிடம், "அம்மிணி, போன வாரம் எவ்வளவு?" என்றார். ஐம்பத்தைந்து என்று வாயசைத்தேன். "கம்ப்யூட்டர் கிளாஸ் மார்க்குங்களா?" என்று அம்மா கேட்டாள். "ஆமா" என்றார் அப்பா.

"சென்னியப்பன், அம்பத்தி நாலு" என்று நர்ஸ் அப்பாவைக் கூப்பிட்டாள். உள்ளே ஏ.சி. குளிர். டாக்டர் எங்களை விடக் களைத்தவராக இருந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரிப்போர்ட்டைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "ஒரு மாசத்துல இவ்வளவு ஏறக் கூடாதே. யூரியா ரொம்ப ஏறியிருக்கு. சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா? கறி, மீன், நாட்டு மருந்து, லேகியம்?" அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "சத்தியமா இல்லீங் சார். பருப்புத் தண்ணிகூட கண்ணுல காட்டறதில்லீங். கஞ்சிகூட நானே நொய் வறுத்து அரைச்சு, நானே காச்சி, நானே குடுக்கறனுங். வேற ஆரு கையும் படறதில்லீங்." நானே, நானே. டாக்டர் தலையசைத்தார், அவர் இப்படி எத்தனை அம்மாக்களைப் பார்த்திருப்பார். "அப்ப நோய்தான் வேகமா போகுது. தள்ளிப்போட வேண்டாம். ஆபரேஷனுக்கு எழுதறேன், சின்னதுதான், கையில. ஐயா, உங்களுக்கு எந்தக் கை பழக்கம்?" அப்பா தொடை மேல் இருந்த வலது கையைக் குனிந்து பார்த்தார். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கம்பியைத் தூக்குவதற்கு முன்னால் மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்துவேனே, அப்படி நிறுத்திக்கொண்டேன். "சார்" என்றேன். குரல் கிறீச்சிட்டது. டாக்டர் நிமிர்ந்தார். அம்மாவும் திரும்பினாள். "சார், அது நோய் இல்லைங்க. எங்க வீட்ல ஒரு புரோட்டீன் பவுடர், நான் வாங்கினது, டப்பா மாத்தி வெச்சிட்டேன். எங்கம்மா தெரியாம" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "அவ இல்லீங்க" என்றார் அப்பா. வேட்டியை ஒரு பக்கமாக ஒதுக்கினார். காலையிலிருந்து தொடை மேல் அழுத்தி வைத்திருந்த வலது கையை உள்ளே டவுசர் பைக்குள் விட்டுத் துழாவி, குட்டைக் கைப்பிடி வைத்த கறுப்பு ஸ்கூப்பை எடுத்து, ரிப்போர்ட்டின் மேல் வைத்தார்.